பிக்கோலோவை ஏன் இவ்வளவு பிடிக்கிறது? அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

'டிராகன் பால்' என்ற ஜப்பானியப் படக்கதையில், அதாவது மங்காவில், உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் நான் பிக்கோலோ என்றுதான் சொல்வேன். உடனே அடுத்த கேள்வி வரும், அதன் பின்னால் இன்னொன்று. பல வருடமாக நண்பர்களும், அவர்களின் தம்பி தங்கைகளும், படிக்க ஆரம்பித்திருக்கும் புதியவர்களும் கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கதையின் முக்கியமான திருப்பங்கள் எல்லாம் இதில் வரும், இன்னும் படிக்காதவர்கள் முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

முதலில், யார் இந்த பிக்கோலோ?

டோரியாமா அகிரா 1984 முதல் 1995 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் வரைந்த தொடர் டிராகன் பால். மொத்தம் 519 அத்தியாயங்கள், ஜப்பானில் 42 தொகுதிகள். அதில் பச்சை நிறத்தில், கூர்மையான காதுகளும் நெற்றியில் இரண்டு உணர்கொம்புகளுமாக, தலைப்பாகையும் வெள்ளை மேலங்கியும் போட்டுக்கொண்டு, எந்தக் கூட்டத்திலும் நாலடி தள்ளிக் கையைக் கட்டி நிற்பவர்தான் பிக்கோலோ. உலகத்தை ஆளப் பார்த்த ஓர் அரக்க மன்னன், நாயகன் கோக்குவிடம் தோற்றுச் சாகும் நேரத்தில் வாயிலிருந்து ஒரு முட்டையைத் துப்பிவிட்டுப் போகிறான். அதிலிருந்து பிறந்தவர் இவர். கோக்குவைக் கொன்று பழி தீர்க்க வேண்டும், பிறந்த காரணம் அவ்வளவுதான்.

வில்லனாக வந்தவரை ஏன் 'அவர்' என்று எழுதுகிறாய்?

கோஹான் அப்படித்தான் கூப்பிடுகிறான். கோக்குவின் மகன் கோஹான், ஜப்பானிய மூலத்தில், 'பிக்கோலோ-சான்' என்று மரியாதை சேர்த்துத்தான் பேசுவான். பெரியவனாகி, கல்யாணம் ஆகி, மகள் பிறந்த பிறகும் அந்த 'சான்' போகவில்லை. கோக்கு வெறுமனே 'பிக்கோலோ' என்பான். பையன் மட்டும் நாம் 'நீங்க, வாங்க' போடுவதுபோல விடாமல் போடுவான். அந்தப் பையனே மரியாதை தரும்போது நான் எப்படி 'அவன்' என்று எழுதுவது?

வெளியே முரடு, உள்ளே வெல்லம். பலாப்பழம் மாதிரி ஆள், அவ்வளவுதானே?

எல்லோரும் சொல்வது இதைத்தான், எனக்கு அது சரியாகப் படவில்லை. பலாப்பழத்தில் முள் ஒரு தோல், அதை உரித்துவிட்டால் சுளை. பிக்கோலோவிடம் அப்படி உரித்துப் போட எதுவும் இல்லை. பாசத்தை மறைக்க முரட்டு வேஷம் போடுகிறவர் இல்லை அவர். அவருக்குத் தெரிந்த பேச்சே அந்த ஒன்றுதான். கொஞ்சிப் பேச யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, யாரும் அவரைக் கொஞ்சியதும் இல்லை. முதல் முறை வந்தபோது எந்தக் குரலில் அதட்டினாரோ, 42 தொகுதிகள் தாண்டியும் அதே குரலில்தான் அதட்டுகிறார். மாறியது அவர் நிற்கும் இடம். முதலில் எதிரே நின்றார், அப்புறம் பக்கத்தில் நின்றார், அப்புறம் முன்னால் போய் நின்றார்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தவர்களுக்கு இது புரியும். "எத்தனை மணிக்கு வர்றே?" என்று எரிந்து விழுவார். நாம் வந்து சேரும்வரை வாசல் விளக்கை அணைக்கமாட்டார். மறுநாளும் எரிந்துதான் விழுவார். அவர் திடீரென்று ஒருநாள் இனிக்க இனிக்கப் பேசினால் நமக்குப் பயம்தான் வரும், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

கோஹானை எடுத்துப்போகும்போது அவருக்கு என்ன வயது?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை, அதுதான் என் வருத்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் பிறந்து மூன்று வருடத்தில் 23வது தற்காப்புக் கலைப் போட்டி வருகிறது, அதில் கோக்குவோடு மோதித் தோற்கிறார். அதற்கு ஐந்து வருடம் கழித்து கோக்குவின் அண்ணன் ரேடிட்ஸ் வான்வெளியிலிருந்து வந்து இறங்குகிறான். மூன்றும் ஐந்தும் எட்டு. நாலு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகும் அந்த நெட்டை அரக்கருக்கு வயது எட்டு! அவருடைய இனம் உடம்பால் சீக்கிரம் வளர்ந்துவிடும், அது வேறு. ஆனால் அந்த எட்டு வருடத்தில் யாரோடும் ஒரு வேளை உட்கார்ந்து பேசியதில்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தால், தனியாக வளர்ந்த ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை வளர்க்கத் தெரியாமல் வளர்ப்பதுதான் கண்ணுக்குத் தெரியும்.

நாலு வயதுப் பையனை ஆறு மாதம் காட்டில் தனியாக விட்டாரே, அது கொடுமை இல்லையா?

கொடுமைதான். இதில் அவருக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனசு வரவில்லை. நடந்தது இது: ரேடிட்ஸை வீழ்த்த கோக்குவும் பிக்கோலோவும் வேறு வழியில்லாமல் கூட்டுச் சேர்கிறார்கள், கோக்கு அண்ணனைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொள்ள, பிக்கோலோ இரண்டு பேரையும் சேர்த்தே துளைத்துவிடுகிறார். அப்பா செத்துக் கிடக்கும் இடத்திலிருந்தே பிள்ளையை எடுத்துப் போகிறார், ஏனென்றால் அந்தப் பிள்ளைக்குள் யாருக்கும் இல்லாத பலம் ஒளிந்திருப்பதைப் பார்த்துவிட்டார், ஒரு வருடத்தில் இன்னும் இரண்டு பெரிய எதிரிகள் வரப்போகிறார்கள். அம்மா சிச்சியிடம் அவர் போய்க் கேட்கவில்லை. அழும் குழந்தையை அப்படியே தூக்கி ஒரு பாறை மலையை நோக்கி வீசுகிறார், உள்ளே இருக்கும் சக்தி வெளியே வருகிறதா என்று பார்க்க. வந்தது, மலையே காணாமல் போனது. அப்புறம், ஆறு மாதம் தனியாகப் பிழைத்துக்கொள் என்று சொல்லி விட்டுவிட்டுப் போகிறார்.

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று ஒரு பழமொழியைச் சிலர் இங்கே கொண்டுவருவார்கள். அந்தப் பழமொழி மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை நம்பித்தான் எத்தனையோ பிள்ளைகள் அடி வாங்கியிருக்கிறார்கள். பிக்கோலோவை எனக்குப் பிடிப்பது அவர் அந்தப் பையனைக் கஷ்டப்படுத்தியதால் இல்லை. கஷ்டப்படுத்த மட்டுமே தெரிந்தவர், மெல்ல மெல்ல, தானே அறியாமல், வேறொன்றைக் கற்றுக்கொண்டதால்.

அந்த ஆப்பிள் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, என்ன அது?

அனிமேயில், அதாவது அந்த மங்காவின் கார்ட்டூன் தொடரில், பார்த்திருப்பீர்கள். விட்டுவிட்டுப் போன முதல் இரவு. கோஹான் ஓர் உயரமான பாறை உச்சியில் இறங்க வழி தெரியாமல் பசியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் இரண்டு ஆப்பிள்கள் கிடக்கின்றன. எங்கிருந்து வந்தன என்று அவனுக்குத் தெரியாது, கடித்துப் பார்த்துப் புளிக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறான். தூரத்தில் இருட்டில் ஒருவர் நின்றுகொண்டு, இன்றைக்கு மட்டும்தான், நாளை முதல் நீயே தேடிக்கொள் என்கிற மாதிரி முணுமுணுக்கிறார்.

இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. பிக்கோலோவின் இனத்தார் தண்ணீரை மட்டும் குடித்து வாழ்கிறவர்கள். சாப்பாடு என்பதே அவர் வாழ்க்கையில் கிடையாது. அதனால்தானோ என்னவோ புளிப்பும் இனிப்பும் பார்த்துப் பறிக்கத் தெரியவில்லை, கைக்குக் கிடைத்ததைப் பறித்திருக்கிறார். ஆனால் குழந்தைக்குப் பசிக்கும் என்று நினைக்கத் தெரிந்திருக்கிறது.

அதே இரவில் முழு நிலாவைப் பார்த்து கோஹான், வாலுள்ள அவன் அப்பா இனத்தாரின் இயல்புப்படி, ராட்சதக் குரங்காக மாறுகிறான். அடுத்தும் அப்படி ஆகக்கூடாது என்று பிக்கோலோ நிலாவையே உடைத்துவிடுகிறார், அவன் வாலையும் எடுத்துவிடுகிறார். கிழிந்த துணியோடு தூங்கும் பையனுக்கு அவன் அப்பா போடுவதைப் போலவே ஓர் உடையை வரவழைத்துப் போட்டுவிடுகிறார். தான் கொன்ற ஆளின் உடை! ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். குழந்தை கண் விழித்தால் எதைப் பார்த்தால் கொஞ்சம் தைரியம் வரும் என்று நினைத்திருப்பார், எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

நாப்பா சண்டையில் அவர் சாகும் இடத்தை ஏன் இத்தனை பேர் மறக்காமல் சொல்கிறார்கள்?

அதைச் சொல்ல அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் முடிந்து அந்த இரண்டு எதிரிகள், நாப்பாவும் வெஜிட்டாவும், வந்துவிடுகிறார்கள். நண்பர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பிக்கோலோ போட்ட திட்டத்தில் கடைசி அடியைக் கோஹான் அடிக்க வேண்டும், பையன் பயத்தில் உறைந்துபோய் ஓடி ஒளிகிறான், திட்டம் பாழாகிறது, பிக்கோலோ அவனைக் காய்ச்சி எடுக்கிறார். மேலுலகத்திலிருந்து உயிர்பெற்றுக் கோக்கு வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்ததும், அவன் வருவதற்குள் பிள்ளையைக் கொன்றுவிடலாம் என்று நாப்பா கோஹானைப் பார்த்துத் தாக்குகிறான். பையனால் கால் அசைக்க முடியவில்லை.

அடுத்த பக்கத்தில் பிக்கோலோ குறுக்கே நிற்கிறார். காலை அகட்டி, இரண்டு கைகளையும் விரித்து. எதிர்த் தாக்குதல் இல்லை, தடுப்புக்கான எந்த வித்தையும் இல்லை, தன் உடம்பை மட்டும் கொண்டுவந்து வைக்கிறார். டோரியாமா சண்டையை வரையும்போது எல்லாமே பறக்கும், கோடுகள் சீறும். இங்கே ஓர் ஆள் நகராமல் நிற்கிறார், நகராமல் நிற்பதுதான் அவர் செய்யும் காரியம்.

விழுந்த பிறகு பேசுவதும் அவர் பாணியிலேயே இருக்கும். அரக்க மன்னனான நான் ஒரு பொடியனுக்காகச் சாகிறேனே என்று தன்னையே நொந்துகொள்கிறார், உன்னாலும் உன் அப்பனாலும் எனக்கும் அந்த இளகின புத்தி ஒட்டிக்கொண்டது என்கிறார். அதாவது பாசத்தைக்கூட ஒரு தொற்று வியாதி மாதிரிதான் சொல்லத் தெரிகிறது. அப்புறம் சொல்கிறார், என்னோடு ஒழுங்காகப் பேசியவன் நீ ஒருவன்தான் என்று. உன்னோடு இருந்த நாட்கள் மோசமாக இல்லை என்று. கண்ணீர் வழிகிறது. செத்துவிடாதே என்று பையனிடம் சொல்லிவிட்டு முடிந்துபோகிறார்.

'பேசியவன்' என்ற அந்த வார்த்தைதான் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்கும். என்னை நேசித்தவன் என்றோ என்னை நம்பியவன் என்றோ சொல்லவில்லை, அவ்வளவு பெரிய வார்த்தைகள் அவரிடம் கிடையாது. ஒன்பது வருட வாழ்க்கையில் ஒருவன் அவரோடு சாதாரணமாகப் பேசினான், அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பின் கோஹான் எழுந்து நாப்பா மேல் ஏவும் 'மசென்கோ' என்ற ஒளித் தாக்குதல் பிக்கோலோ கற்றுக்கொடுத்தது. நாப்பா அதைக் கையால் தட்டிவிடுகிறான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓடி ஒளிந்த பையன் அங்கே இல்லை.

அவர் செத்ததால் கதையில் வேறு விளைவு ஏதாவது?

நிறைய. பூமியின் கடவுளும் பிக்கோலோவைப் பெற்ற அரக்க மன்னனும் ஒரே ஆளிலிருந்து பிரிந்தவர்கள், அதனால் கடவுள், பிக்கோலோ இருவரில் ஒருவர் செத்தால் மற்றவரும் செத்துவிடுவார். கடவுள் போனதும் அவர் செய்த, வேண்டியதை நிறைவேற்றித் தரும் டிராகன் பந்துகளும் போயின. செத்தவர்களை மீட்க வேண்டுமென்றால் அந்த இனத்தின் சொந்தக் கோளான நமேக்குக்குப் போகவேண்டிய கட்டாயம் வருகிறது. சின்னப் பையன் கோஹான் அடம்பிடித்துக் கிளம்புவதும் இதற்காகத்தான், முதலில் பிக்கோலோவை மீட்க. மீட்டும்விடுகிறார்கள்.

இவரை 'சுண்டேரே' என்று சொல்லலாமா?

வேண்டாம். ஜப்பானிய ரசிகர்கள் அந்தச் சொல்லை, ஒரு சமயம் வெடுக்கென்று பேசி இன்னொரு சமயம் குழைகிற பாத்திரங்களுக்கு வைத்திருக்கிறார்கள். பிக்கோலோ குழைவதே இல்லை.

எதிரியாக வந்து பிற்பாடு கோக்குவின் பக்கம் சேர்ந்த வெஜிட்டாவும் முரடர், குடும்பத்துக்காக உயிரையே கொடுத்தவர். அவரைவிட இவர் எந்த விதத்தில் உசத்தி?

உசத்தி தாழ்த்தி பார்க்க எனக்கு விருப்பமில்லை, வெஜிட்டா தன் மகன் ட்ரங்க்ஸை முதல் முறையாகக் கட்டிப்பிடிக்கும் இடம் எனக்கும் தொண்டையை அடைக்கும். ஆனால் வெஜிட்டாவுக்குக் கர்வம் உண்டு, அதோடு போராடித்தான் ஒவ்வொரு அன்பான காரியத்தையும் செய்வார். பிக்கோலோவுக்கு அந்தப் போராட்டம் ஒரு கட்டத்துக்கு மேல் இல்லை, வேலையைச் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்.

இரண்டு பேரும் சேர்ந்து வரும் ஓர் இடம் உண்டு, புவ் என்ற எதிரியோடு சண்டை நடக்கும்போது. தன்னையே வெடிக்க வைத்துச் சாகப்போகும் வெஜிட்டா, செத்தால் மேலுலகத்தில் கோக்குவைப் பார்ப்பேனா என்று பிக்கோலோவிடம் கேட்கிறார். வேறு யாராக இருந்தாலும் 'பார்ப்பாய்' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். பிக்கோலோ முடியாது என்கிறார். நீ எத்தனையோ அப்பாவிகளைக் கொன்றிருக்கிறாய், உன் ஆன்மா போகும் இடம் வேறு என்று நேருக்கு நேர் சொல்கிறார். வெஜிட்டாவும் அதை ஏற்றுக்கொள்கிறார். சாகப்போகிறவனிடம்கூட ஆறுதல் பொய் சொல்லாத ஒருவர் நமக்கு வேண்டியவராக இருந்தால், அவர் 'நன்றாகச் செய்தாய்' என்று சொல்லும்போது அதை அப்படியே நம்பலாம். கோஹானுக்கு அப்படி ஒருவர் கிடைத்திருக்கிறார்.

செல் சண்டையில் கோக்குவைத் திட்டினாரே, அதில் யார் பக்கம் நீ?

பிக்கோலோ பக்கம், சந்தேகமே இல்லாமல். செல் என்ற எதிரியோடு மோத கோக்கு தன் மகனை அனுப்புகிறான். எதிரிக்கே மருந்துப் பயறு கொடுத்துத் தெம்பேற்றிவிட்டு அனுப்புகிறான். கோஹானுக்குக் கோபம் வந்தால் யாராலும் அவனை வெல்ல முடியாது, அது வரட்டும் என்று காத்திருக்கிறான். பையன் அங்கே நசுங்கிக்கொண்டிருக்கிறான், எலும்பு முறியும் சத்தம் கேட்கிறது.

அப்போது பிக்கோலோ வாயைத் திறக்கிறார். இந்தத் திட்டத்தைப் பற்றி கோஹானிடம் நீ பேசினாயா என்பதுதான் அவர் கேட்பது. அவன் உன்னைப்போல் சண்டைப் பித்துப் பிடித்தவன் இல்லை. இந்த நிமிடம் அவன் மனசில் கோபம் இல்லை, நான் இவ்வளவு வலியில் இருக்கிறேனே, அப்பா ஏன் வந்து காப்பாற்றவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான், அவன் ஒரு சின்னப் பையன். இப்படிச் சொல்லிவிட்டு, செத்தாலும் பரவாயில்லை, நான் போகிறேன் என்று கிளம்புகிறார். செல்லின் ஓர் அடிக்குத் தாங்கமாட்டோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

பல வருடத்துக்கு முன்னால் அதே பையனைப் பாறையை நோக்கி வீசியவர் இவர்தான், உள்ளே இருக்கும் சக்தி வெளியே வரட்டும் என்று! கோக்கு இன்று செய்வது அன்று பிக்கோலோ செய்ததேதான். அதனால்தான் அவருக்கு அது தப்பு என்று தெரிகிறது. அந்தச் சண்டைக்குக் கோஹான் போட்டுக்கொண்டு வந்த உடையையும் பாருங்கள், அப்பாவின் ஆரஞ்சு உடை இல்லை. பிக்கோலோவிடம் கேட்டு வாங்கிய அவருடைய உடை, வெள்ளை மேலங்கி உட்பட.

அப்படியானால் கோக்கு மோசமான அப்பாவா?

இல்லை. உயிரைக் கொடுக்கத் தயங்காத அப்பா. ஆனால் தனக்குப் பிடித்தது எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைக்கிற மனுஷன். பிக்கோலோவுக்குப் பையனின் முகம் பார்த்துப் படிக்கத் தெரியும்.

அவர் பெயர் ஒரு வாத்தியத்தின் பெயர்தானே?

ஆமாம், பிக்கோலோ என்பது ஒரு சின்னப் புல்லாங்குழல். அந்த அரக்க மன்னனின் ஆட்கள் பெயரும் டாம்பரின், சிம்பல், டிரம், பியானோ என்று போகும். பிற்பாடு கதைக்குள்ளேயே அது நமேக்கியர் மொழியில் 'வேறு உலகம்' என்று பொருள்படும் சொல் என்று வந்துவிட்டது. பெயரோடு சேர்த்து இன்னொரு விஷயம்: மங்காவில் அவர் கையில் நான்கு விரல்கள்தான், அனிமேயில் ஐந்து.

விசில் கதை உண்மையா?

1991 இல் வந்த ஒரு டிராகன் பால் திரைப்படத்தில் வருவது அது. நமேக்கியர்களின் காது மிகக் கூர்மையானது, விசில் சத்தம் அவர்களுக்குத் தாங்காது. கோஹானுக்கோ விசில் அடிக்கப் பிடிக்கும். அந்தப் படத்தின் எதிரியும் அதே இனம். கடைசியில் வேறு வழியில்லாதபோது பிக்கோலோ தன் காதுகளைத் தானே பிய்த்துப் போட்டுவிட்டு, விசில் அடி என்று கோஹானிடம் கத்துகிறார். மங்காவில் இல்லாத கதைதான், ஆனாலும் எழுதியவர்கள் அவரைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

அவசரமென்றால் ரேடிட்ஸ் வந்து இறங்கும் இடத்திலிருந்து. நேரம் இருந்தால் அரக்க மன்னன் வரும் பகுதியிலிருந்தே படியுங்கள். அந்தக் கொடூரத்தைப் பார்த்த பிறகுதான் அந்த ஆப்பிள்களின் விலை தெரியும். அனிமே பார்க்கிறவர்கள் முடிந்தால் ஜப்பானியக் குரலில் பாருங்கள். ஃபுருகாவா தோஷியோவின் அடித்தொண்டைக் குரல் அவ்வளவு பொருத்தம்.

கோஹான் வளர்ந்துவிட்ட பிறகு இந்த உறவு என்ன ஆகிறது?

2022 இல் வந்த 'டிராகன் பால் சூப்பர்: சூப்பர் ஹீரோ' திரைப்படத்தைப் பாருங்கள், டோரியாமாவே திரைக்கதை எழுதியது. 2024 மார்ச் 1 அன்று அவர் இறந்த பிறகு அதைத் திரும்பப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. கோஹான் இப்போது ஆராய்ச்சியாளன், கண்ணாடி போட்டுக்கொண்டு அறிக்கை எழுதுவதில் மூழ்கியிருக்கிறான். அவன் மகள் பானுக்கு மூன்று வயது. அவளுக்குப் பயிற்சி கொடுப்பது யார் தெரியுமா? பிக்கோலோ. மழலையர் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆளில்லை என்றால் கூப்பிடுவதும் அவரைத்தான். பெற்ற பிள்ளையைக் கூட்டிவரக்கூட நேரமில்லையா என்று கோஹானிடம் போய்க் கத்துகிறார், அதே பழைய குரலில். கத்திவிட்டு அவரேதான் வருகிறார். பானோடு பயிற்சி செய்யும்போது பாருங்கள், பாறையை நோக்கி யாரையும் வீசுவதில்லை. அவள் செய்வதைப் பார்த்து, திருத்தி, நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறார்.

அந்தப் படத்தின் கடைசிச் சண்டையில் கோஹான் இரண்டு விரல்களை நெற்றியில் வைக்கிறான். 'மக்கான்கோசாப்போ', பிக்கோலோவின் வித்தை, முதன்முதலில் கோஹானின் பெரியப்பாவையும் அப்பாவையும் சேர்த்துத் துளைத்தது அதுதான். எதிரியை அதை வைத்தே முடிக்கிறான். பிக்கோலோவுக்கு ஆச்சரியம், இது எப்போது உனக்குத் தெரியும் என்று. ரகசியமாகப் பழகிக்கொண்டிருந்தேன் என்கிறான் கோஹான்.